படத்துக்குப் பின்பக்கம்

நூலகத்தை நம்பி முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களே, நாமெல்லாம் ஒரே பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்.

என் தலைப்பு, பழைய சினிமா பத்திரிகைகளின் கேள்வி-பதில் பகுதியில் நம்ம ஊர்ப் பக்கத்து வாசகர்கள் எழுதிய தமிழ். ஊர்ப்பெயர் போட்டு, பேசுகிற மாதிரியே எழுதிய கேள்விகள். என் கைடு, சினிமாப் படங்களைப் பற்றி ஆய்வு செய்து பேர் வாங்கியவர். கல்யாணத்துக்கு முன்னால் ஆரம்பித்தேன். என் பெண் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இந்த ஆனிக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து.

எதுக்கு வந்தீங்க?

மீன்சுருட்டியில் ஏறி, ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் பஸ் மாறி, பல்கலைக்கழக நூலகத்தில் கால் வைக்கும்போதே பாதி உயிர் போயிருக்கும். முதல் நாள், புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அண்ணனிடம் பத்திரிகைத் தொகுப்புகளைக் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார்.

"சினிமா பொஸ்தகத்துக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? சலூன்ல கேட்டா சும்மாவே குடுப்பான்ம்மா."

ஜன்னல்கள்

தொகுப்பு வந்தது. தூசியைத் தட்டித் திறந்தால், பக்கத்துக்குப் பக்கம் சதுரச் சதுரமாக ஓட்டை. யாரோ பிளேடு போட்டு நடிகைகளின் படங்களை நறுக்கி எடுத்திருக்கிறார்கள். அந்தப் பத்திரிகையில் கலர் படத்துக்குப் பின்பக்கம்தான் கேள்வி-பதில் அச்சாகும். படத்தோடு என் வாசகர்களும் போய்விட்டார்கள். மிஞ்சியது அங்கங்கே 'அன்புள்ள' என்று பாதி வரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் எட்டிப் பார்த்து ஆறுதல் சொன்னார்.

"பின்பக்கந்தான போயிருக்கு, வுடுங்க. படம் போச்சேன்னு அழுதாலும் ஒரு நியாயம் இருக்கு."

ஊறுகாய்

லெப்பைக்குடிக்காட்டில் ஒரு வீட்டில் அதே பத்திரிகை முழுசாகச் சேர்த்து வைத்திருப்பதாக பஸ்ஸில் ஒருவர் சொன்னார். மறுநாளே ஓடினேன். அந்த வீட்டு அம்மா உட்காரச் சொல்லி, சர்பத் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் பிள்ளைகள் எல்லாரும் துபாயில். அவர்களுக்கு அனுப்பும் சாமான்களைச் சுற்றிச் சுற்றியே பத்திரிகைகள் தீர்ந்துவிட்டனவாம். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே பதறிப்போனார்.

"நல்ல பேப்பரும்மா அது. மாஷா அல்லாஹ், ஊறுகா பாட்டில் ஒண்ணுகூட ஒடையல."

ரெஃபரன்ஸ் காப்பி

கைடு தன் ஆய்வேட்டைக் கட்டாயம் மேற்கோள் காட்டச் சொல்லியிருந்தார். வேறு வேலையும் இல்லை, போன வாரம் நூலகத்தில் அதை எடுத்துப் புரட்டினேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க நடிகைகள். நகல் இல்லை, அசல் படங்கள், பசை போட்டு ஒட்டியவை. ஒரு படத்தின் மூலை மட்டும் பெயர்ந்து நின்றது. லேசாகத் தூக்கினேன். அடியில், 'கேள்வி' என்று ஆரம்பித்து, எங்கள் மீன்சுருட்டிப் பெயர் வரை தெரிந்தது. தொகுப்பை வரவழைத்து, ஓட்டை விழுந்த பக்கத்தை அந்தப் படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. இன்னும் கொஞ்சம் தூக்கலாம் என்று நகத்தைக் கொடுத்தபோது அண்ணன் ஓடி வந்தார்.

"கிழிச்சிடாதீங்கம்மா! நூலகச் சொத்து, சேதம் பண்ணக் கூடாது."

கையெழுத்து

நேராகக் கைடு அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவே இல்லை. அந்தக் காலத்து ஜெராக்ஸில் முகமெல்லாம் கறுப்பாக விழும் என்றும், அதனால்தான் அசலையே வெட்ட வேண்டியிருந்தது என்றும், பின்பக்கம் என்ன இருந்தது என்று திருப்பிப் பார்த்ததே இல்லை என்றும் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு என் நான்காம் அத்தியாயத்தை எடுத்து, அந்தக் கேள்விகளுக்காகக் காலியாக விட்டிருந்த பக்கங்களைப் புரட்டினார். பேனாவை மூடி, சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"ஆதாரமே இல்லாம எழுதியிருக்கீங்களேம்மா, இதுல நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

ஆக, அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்த அதே காகிதத்தின் முதுகில், பசைக்கு அடியில், என் பட்டம் பத்திரமாக இருக்கிறது.