ஒட்டிவைத்த இரண்டு கனச்சதுரங்கள்

சட்டையைக் கழற்றச் சொன்னதும் அருள்ராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தார். கழற்றலாமா வேண்டாமா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதுபோல.

இடம் — பூந்தமல்லிப் பக்கம் ஒரு மருத்துவமனை, பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசல். நடந்தது போன மாதம்.

அருள்ராஜ் எங்கள் எதிர் ஃப்ளாட். நெமிலிச்சேரிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. அம்பத்தூரில் ஐ.டி. வேலை. மனைவி ஸ்டெல்லா, ஆவடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இருவருக்கும் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஏழாம் மாதம் முடிந்ததும் பிரசவத்துக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட்கூட எடுத்து வைத்திருந்தார்கள். குழந்தை அதுவரை காத்திருக்கவில்லை. ஊரிலிருந்து யாராவது வந்து சேரும்வரை உடன் இருக்க ஒரு ஆள் வேண்டாமா? கார் வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரன் நான்.

பையன். எடை ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. மூச்சு சீராகிவிட்டது, பால் இறங்குகிறது. ஆனால் எடை ஏறவில்லை.

"குடிக்கிற பாலெல்லாம் உடம்பைச் சூடா வச்சுக்கவே செலவாகுது" என்றார் டாக்டர். "இன்குபேட்டர் பெட்டிக்குள்ளயே வச்சு வளர்க்க முடியாது. அம்மாவோ அப்பாவோ நெஞ்சோட சேர்த்து வச்சுக்கணும். தோலோட தோல் படணும். தினமும், பல மணி நேரம்."

அம்மாவால் முடியாது. சிசேரியன் தையலில் கிருமித் தொற்று, கடும் காய்ச்சல். கீழ்த்தளத்தில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. குழந்தைகள் பிரிவுக்குள் வரவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெற்ற மகனை அவர் பார்த்ததெல்லாம் செல்போன் படத்தில்தான்.

மிச்சம்? அப்பா.

அந்த அப்பாதான் சட்டைப் பட்டனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்தப் பிரிவின் ஆயாம்மா, இடுப்பில் கை வைத்தபடி எதிரே.

"சட்டையத்தான கயட்டச் சொன்னேன் நைனா? என்னமோ கிட்னியக் கேட்டா மாரி நிக்கிறியே. புள்ள உள்ள சில்லுன்னு கீது, நீ இங்க வெக்கப்பட்டுகினு கீறே."

"வெக்கம் இல்லம்மா... பயமா இருக்கு. அவ்ளோ சின்ன உடம்பு. நான் தூக்கி ஏதாவது ஆயிட்டா? இன்னும் ரெண்டு துணி சுத்தி வச்சாப் போதாதா?"

அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. "ஸ்டெல்லாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்" என்று அருள் படியிறங்கினார். நானும் பின்னாலேயே போனேன்.

ஸ்டெல்லாவின் உதடுகள் காய்ந்திருந்தன. கணவர் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, "ஏங்க... ஒரு கனச்சதுரத்துக்கு எத்தனை பக்கம்?" என்றார்.

காய்ச்சலில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன். அருளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"கைய எடுங்க. பதில் சொல்லுங்க."

"ஆறு."

"அதே அளவுல இன்னொண்ணு. ரெண்டையும் ஒட்டி வச்சா வெளிய எத்தனை?"

"பன்னிரண்டு."

"என் கிளாஸ்ல பாதிப் பிள்ளைங்க இதையேதான் எழுதும். நீங்க இன்ஜினியர் வேற."

அருள் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். "பத்து."

"மிச்சம் ரெண்டு எங்க போச்சு?"

"ஒட்டின இடத்துல... உள்ள போயிடுச்சு."

"அதுல காத்து படுமா?"

"படாது."

"அவ்ளோதாங்க. உடம்புச் சூடு தோல் வழியாத்தான் வெளிய போகுது. டம்ளர்ல இருக்கிற காபி சீக்கிரம் ஆறிடும். அண்டாவுல இருக்கிற ரசம் ஆறுமா? சின்னதுக்கு உள்ள இருக்கிறது கொஞ்சம், அதுக்கு வெளிப்பரப்பு ஜாஸ்தி. அவன் டம்ளர். நீங்க அண்டா."

"துணி..."

"துணிக்குன்னு சூடு இருக்கா? அவன்கிட்ட இருக்கிறதத்தான் அது பிடிச்சு வைக்கும். அவன்கிட்டயே இல்லையே." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எனக்கு மட்டும் காய்ச்சல் இல்லைன்னா, இத உங்ககிட்ட சொல்லிக்கிட்டு இருக்க மாட்டேன். போங்க."

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கூம்பு வடிவக் கூடாரத்துக்கு எவ்வளவு துணி வேண்டும்? கோளத்தை உருக்கினால் எத்தனை சிறு குண்டுகள் கிடைக்கும்? நாம் எல்லோரும் போட்ட கணக்குதான். அந்தக் கூடாரத்தில் யார் தங்கினார்கள் என்று யாரும் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை. சூத்திரத்தை எழுதினோம், விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டோம், மறந்தோம். கன அளவு என்பது உள்ளே வைத்திருப்பது, புறப்பரப்பு என்பது அதை இழக்கும் வழி — இப்படி யாராவது ஒரு வரி சொல்லியிருந்தால் மறந்திருப்போமா? தெரியவில்லை. மறந்துதான் இருப்போம். நமக்கு அப்போது குளிரவில்லை.

மாடிப்படியிலேயே அருளின் சட்டை கழன்றுவிட்டது. என் கையில் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போனார்.

கதவிலிருந்த சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சாய்வு நாற்காலியில் அவரை உட்காரவைத்து, கம்பளிக் குல்லாயும் டயாபரும் மட்டும் அணிந்த குழந்தையை நெஞ்சில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டினார் ஆயாம்மா. அருள் அசையவில்லை. கண்கூட ஒரே இடத்தில் நின்றது.

"மூச்சு வுடு நைனா" என்ற ஆயாம்மாவின் குரல் வாசல்வரை கேட்டது. "நீ வுட்டாத்தான் அதுவும் நிம்மதியா வுடும்."

எடை உடனே ஏறிவிடவில்லை. முதலில் இறங்காமல் நின்றது. அதுவே நல்ல செய்தி என்றார்கள். அருள் லீவு போட்டுவிட்டு அந்த நாற்காலியே கதியாக இருந்தார். பிறகு கிராம் கிராமாக ஏறத் தொடங்கியது.

ஸ்டெல்லாவின் காய்ச்சல் முழுதாக விட்ட பிறகு சக்கர நாற்காலியில் மேலே அழைத்து வந்தார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே, நாற்காலியில் சாய்ந்தபடி அப்பாவும் தூக்கம், நெஞ்சில் மகனும் தூக்கம். குல்லாய் மட்டும் வெளியே தெரிந்தது.

"வா கண்ணு, உன் புள்ளய வாங்கிக்கோ" என்றார் ஆயாம்மா. "எத்தினி நாளு போட்டோவையே பாத்துகினு கீறே?"

ஸ்டெல்லாவின் இரண்டு கைகளும் எழுந்தன. பாதியில் நின்றன. மெதுவாக மடிக்கே திரும்பின.

"இருக்கட்டும்மா. நல்லாத் தூங்குறான். இப்பப் பிரிச்சா, அந்த ரெண்டு பக்கமும் வெளிய வந்துரும்."

பரீட்சையில் இந்தக் கணக்குக்கு இரண்டு மதிப்பெண்.