தாவிப் படித்த வாய்ப்பாடு

யுத்தம் தொடங்கிய வருடம் திருச்செங்கோட்டுக்கு அருகே ஓர் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். மூன்றாம் வாய்ப்பாடு பிள்ளைகள் தலையில் ஏறவேயில்லை. அதனால் வாசல் மண்ணில் எண்களை வரிசையாக எழுதி, மூன்று மூன்றாகத் தாவச் சொன்னேன். கால் படுகிற எண்ணை உரக்கக் கூவவேண்டும். ஒரே வாரத்தில் நெசவுக்காரர் மகள் ஒருத்தி முப்பது வரை பிசகாமல் தாவினாள்.

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் புளியம் விளாரோடு வந்தார். "பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?" என்றபடி அவள் கெண்டைக்காலில் வீசினார். தோல் கிழிந்து ரத்தம் வந்தது. விழுந்தவளை மறுபடியும் அடித்தார்.

"நிறுத்துங்க!" என்று கத்தி, விளாரைப் பிடுங்கி அவரைத் தள்ளினேன். சுவரில் மோதி அவர் உதடு உடைந்தது. அப்போதும் என் ஆத்திரம் அடங்கவில்லை. அவர் முகத்தை நோக்கி விளாரை ஓங்கினேன்.

"சார், வேண்டாமுங்க, பயமா இருக்குதுங்க!" என்று அந்தப் பெண் அலறினாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை தானாக இறங்கியது.

அன்றே வேலை போனது. மன்னிப்புக் கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். "பாப்பா நொண்டிக்கிட்டே நாலாம் வாய்ப்பாட்டைத் தாவிக்கிட்டிருக்குதுங்க" என்றார் அவள் அப்பா. உள்ளே போய் அந்தக் காலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.