திறந்துவிட்டதாகச் சொன்ன பூட்டு

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் அலுவலகம். பெங்களூரு கம்பெனி ஒன்றுக்காக மின்பூட்டுக்கான டிரைவர் எழுதிக்கொண்டிருந்தேன். கணினி சொல்வதைப் பூட்டுக்கும், பூட்டு சொல்வதைக் கணினிக்கும் கொண்டுசேர்க்கும் நிரல் அது. சோதிக்க வந்த பூட்டை ஆசாரியை வைத்து அறைக் கதவிலேயே மாட்டியிருந்தேன். அதற்குச் சாவி இன்னும் செய்யப்படவில்லை.

அன்று மதியம் கதவைச் சாத்திப் பூட்டிவிட்டு, திறக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். திரையில் ‘திறந்தது’ என்று வந்தது. பூட்டுக்குள் லேசாக ஒரு முனகல், கதவு அசையவில்லை. திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் ‘திறந்தது’.

வெளியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஏட்டி, சாப்பிட வாரியா இல்லியா?”

“கதவு தொறக்க மாட்டேங்குதும்மா.”

“அய்யய்யோ! இரி, ஆசாரிக்குப் போன் போடுதேன்.”

ஆசாரி புளியங்குடியில் வேலையாக இருந்தார். சாயங்காலம்தான் வர முடியுமாம். அறைக்கு இருந்த ஒரே ஜன்னலிலும் கம்பி. மின்விசிறி பேருக்குச் சுற்றியது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பு வந்த பிறகு வேறு எதுவும் ஓடவில்லை. கதவைத் தோளால் இடித்துப் பார்த்தேன். தோள்தான் வலித்தது.

பெங்களூரிலிருந்த டீம் லீடரை அழைத்தேன்.

“லாக் ஃபைல்ல சக்சஸ்னுதானே இருக்கு? திறந்திருக்கணுமே.”

“திறக்கலை சார். நான் உள்ளதான் இருக்கேன்.”

டிரைவர் செய்ததெல்லாம் பதிவாகும் அந்த ஃபைலையே அவர் மறுபடியும் வாசித்துக் காட்டினார். போனை வைத்துவிட்டு நிரலைத் திறந்தேன். நான் எழுதிய பகுதிகளில் பிழை என்றால் மைனஸ் எண் வரும். பூட்டின் மோட்டாரைச் சுழற்றும் பகுதி வேறொருவர் எழுதியது. அதில் தோல்விக்குப் பூஜ்ஜியம். மேலே உள்ள நிரலோ மைனஸ் வந்தால் மட்டுமே பிழை என்று எடுத்துக்கொள்ளும். மோட்டார் எதனால் சுற்றவில்லை என்ற காரணம் கீழேயிருந்து வந்தும், நடுவிலேயே தொலைந்துபோயிருந்தது.

அந்தக் காரணத்தை அப்படியே மேலே அனுப்பும்படி மாற்றி ஓட்டினேன். கதவு அப்போதும் திறக்கவில்லை. ஆனால் திரையில் முதன்முறையாக உண்மை வந்தது: வோல்டேஜ் போதவில்லை.

“எம்மா, தண்ணி மோட்டார் ஓடுதா?”

“ஆமா, தொட்டிக்கு ஏறுது.”

“நிப்பாட்டு, நிப்பாட்டு!”

மின்விசிறி வேகம் பிடித்தது. கட்டளை கொடுத்தேன். பூட்டு ‘டக்’கென்றது. அம்மாவை ஒதுக்கிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினேன்.

மறுநாள் போனில், டிரைவரின் எல்லாப் பகுதிகளும் பிழையை ஒரே முறையில் சொல்ல வேண்டும் என்றேன்.

“அந்த ஒண்ணை மட்டும் சரிபண்ணுங்க. மத்ததைத் தொட்டா ரிலீஸ் தள்ளிப்போகும்” என்றார் டீம் லீடர்.

“நாளைக்கு யாராவது உள்ள மாட்டிக்கிட்டா, அவங்க கையில லேப்டாப் இருக்காது சார்.”

அவர் சரி என்றார். பிறகு பல வாரங்கள் அதே அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு பகுதியாகத் திருத்தினேன். நான் உள்ளே போனதும் அம்மா கதவு சாத்தாதபடி ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.