நிகில் ஏன் ஓடவில்லை?

மும்பை செம்பூரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு வீட்டு பெல் அடித்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, தண்ணீர் வந்திருக்கிறது. இல்லாவிட்டால், யாரோ போய்விட்டார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அடித்தது இரண்டுக்கும் இல்லை. வாசலில் எதிர் ஃப்ளாட் சேதுராமன். ரிஃபைனரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர் அன்றைக்குக் கத்தினார்.

"சார், சீக்கிரம் வாங்கோ! நிகில் டி.வி.ல வரான்!"

நிகில் அவருடைய மகள் வயிற்றுப் பேரன். பிறந்தது, வளர்ந்தது, இப்போது காலேஜ் படிப்பது எல்லாமே அமெரிக்காவில். காலேஜ் ஃபுட்பால் டீமில் இருக்கிறான். அந்த ஊர் ஃபுட்பால்! காலால் உதைப்பது எப்போதாவதுதான். மற்ற நேரமெல்லாம் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆளை ஆள் இடித்துத் தள்ளுவது. தாதர் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறி இறங்கியவர்களுக்கு இதெல்லாம் புதிதா என்ன?

அங்கே சனிக்கிழமை சாயங்காலம் மேட்ச்... இங்கே ஞாயிறு விடியல். முந்தின நாள் எங்கள் வீட்டில் தங்கியிருந்த என் மச்சினர் வெங்கட்டும் கூடவே கிளம்பினார். முலுண்ட்காரர். எந்த விளையாட்டையும் ஐந்து நிமிஷம் பார்த்தால் போதும் - கோச் ஆகிவிடுவார்.

போனால், பில்டிங்கில் பாதிப் பேர் ஏற்கெனவே சோபாவில்.

நிகிலுக்கு டீமில் ஒரே வேலை. பன்ட் ரிட்டர்னர். முன்னேற வழியில்லாத டீம் பந்தை வானத்தைப் பார்த்து ஓங்கி உதைத்து எதிராளியிடம் ஒப்படைத்துவிடும். அதுதான் பன்ட். மைதானத்தின் கோடியில் ஒருத்தன் தனியாக நின்று அதைப் பிடிக்க வேண்டும். பிடித்துக்கொண்டு, அது வந்த திசையை நோக்கியே ஓட வேண்டும். அவனை அமுக்க ஒரு கூட்டமே பாய்ந்து வருகிறது. அவனோ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான்!

முதல் பன்ட். பந்து மேலே. நிகில் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். பிடித்தான். விசில். அவ்வளவுதான்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்... நான்காவதும்.

"க்யா ரே! இதென்ன பஸ் ஸ்டாப்பா? கையைக் காட்டிண்டு நிக்கறான்!" என்றார் வெங்கட்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "டிராம்பே பஸ்கூட இப்படி நிக்காது" என்று என் பங்குக்கு ஒன்றைப் போட்டேன்.

சேதுராமனும் சிரித்தார். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

மூன்று நாள் கழித்து லிஃப்டில் பார்த்தேன். "நிகில்கிட்ட சொல்லிட்டேன் சார். இனிமே கையைத் தூக்கப்படாது, ஓடு, எல்லாரும் பாக்கறான்னு."

"நல்ல காரியம் பண்ணினீங்க" என்றேன். தெளிவாக, அழுத்தமாக.

அடுத்த ஞாயிறு நிகில் ஓடினான்.

இரண்டே எட்டு. பக்கவாட்டில் ஒரு பீரோ வந்து மோதியது. பந்து தனியாக, இவன் தனியாக. எதிர் டீம்காரன் பந்தின் மேல் விழுந்தான். அடுத்த சில நிமிஷங்களில் அவர்கள் பாயின்ட் எடுத்தார்கள். மேட்ச் போனது அதில்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிகிலை கேமரா விடாமல் காட்டியது. கேமராமேனும் எங்கள் பில்டிங்காரர்தானோ என்னவோ.

அதற்கடுத்த மேட்சில் அவன் இடத்தில் வேறு பையன். சேதுராமன் டி.வி. போடவில்லை.

"நீங்க பேசிப் பாருங்கோ சார். என்கிட்ட 'ஐ ஆம் ஃபைன் தாத்தா'ன்னு வெச்சுடறான்" என்று ஒருநாள் போனை என் கையில் கொடுத்தார். வீடியோ கால். முட்டியில் ஐஸ் பையோடு நிகில். என்ன பேசுவது? "நல்ல பன்ட் ரிட்டர்னர்னா யாருப்பா? வேகமா ஓடறவன்தானே?" என்றேன்.

"வேகமா எங்க டீம்ல எல்லாரும் ஓடுவாங்க அங்கிள்" என்று சிரித்தான். "முதல்ல பந்து கையிலேர்ந்து விழக்கூடாது. அது மேல இருக்கறப்போ ஒரே ஒரு தடவை கீழ பாக்கலாம், அவங்க எவ்ளோ கிட்ட வந்துட்டாங்கன்னு. அந்த ஒரு செகண்ட்ல முடிவு பண்ணணும். கையைத் தூக்கிட்டா என்னை யாரும் தொட முடியாது, நானும் ஓடக்கூடாது. ஆனா பந்து எங்களுக்கு. பயந்துட்டு யாரும் தூக்கறதில்லை அங்கிள்."

"தரையில விழுந்துட்டா?"

"அய்யோ, கிட்டயே போகக்கூடாது! இப்போ கிக்கர்ஸ் ரொம்ப ஸ்மார்ட். ஓடிக்கிட்டே உதைக்கறாங்க. உருண்டு வரும், எந்தப் பக்கம் எகிறும்னே தெரியாது. நான் தொட்டு விட்டுட்டேன்னா அவங்க பந்தை அமுக்கிடலாம். ஓடறதெல்லாம்... கடைசி வேலை."

"அப்போ அன்னிக்கு ஏன் ஓடினே?"

முட்டியில் இருந்த ஐஸ் பையை நகர்த்தி வைத்தான். "தப்பா பாத்துட்டேன். தூரத்துல இருக்காங்கன்னு நெனச்சேன்."

என் முதுகுக்குப் பின்னால் நின்ற சேதுராமன், "பொய் சொல்றான்" என்றார் மெதுவாக. போனை வாங்கினார்.

"கண்ணா, நான் சொன்னேன்னுதானே ஓடினே?"

"தாத்தா..."

"இனிமே நான் சொன்னா கேக்காதே. இந்த மாமா சொன்னாலும் கேக்காதே."

இந்த மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டைல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. ஒருத்தனுடைய வேலை அவனைவிட நமக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று நினைக்க நமக்கெல்லாம் எவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது? ஒரு டம்ளர் காபி ஆறுகிற நேரம்!

அந்த மாற்றுப் பையன் ஒரே மேட்சில் இரண்டு பந்தைக் கோட்டை விட்டான். கோச் நிகிலைத் திரும்பக் கூப்பிட்டார். போன ஞாயிறு மறுபடி சேதுராமன் வீட்டில் கூடினோம். கூப்பிட்டார் பாருங்கள், அது அவர் பெருந்தன்மை.

கடைசிக் கட்டம். நிகில் டீம் கொஞ்சமே கொஞ்சம் முன்னால். உயரமாக வந்த பந்து அவன் தலையைத் தாண்டி விழுந்து, துள்ளியது. நிகில் அதன் பக்கம் போகவில்லை. இரண்டு கையையும் வீசி, தன் ஆட்களையும் "விலகு, விலகு" என்று விரட்டிவிட்டு, ஒதுங்கி நின்றான். பந்து அது பாட்டுக்கு உருண்டு பின்கோட்டைத் தாண்டிப் போனது. இடிபடாமல், விழாமல், பந்து இவர்களுக்கு - அதுவும் கோட்டிலிருந்து இருபது கெஜம் முன்னால்.

"அரே யார்! தொடக்கூட இல்லையே இவன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் வெங்கட்.

ஹாலில் ஒரே ஒரு ஜோடிக் கை தட்டியது. சேதுராமன் எழுந்து நின்றிருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

"பாத்தேளா? தொடலை சார்! தொடவே இல்லை!"

அப்புறம் நானும் தட்டினேன். சத்தமாகவே.

ஒன்றே ஒன்று. ஒன்றும் செய்யாமல் நிற்பதற்கும் கைதட்டல் கிடைக்கும் என்கிற விஷயம் எங்கள் பில்டிங் சொசைட்டி கமிட்டி காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!