தேங்காய்க் கடையும் மூன்று மாத ஊசியும்

தேங்காய் வியாபாரத்தில் பாதிப் பிழைப்பு, ஓட்டைத் தட்டிப் பார்த்து உள்ளே எப்படி இருக்கிறது என்று சொல்வதுதான். ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டில் ரொம்ப வருஷமாக அதைச் செய்கிறேன். உடைப்பேன், மிஷினில் துருவுவேன், கேட்டவர்களுக்குப் பால் பிழிந்து பையில் கட்டிக் கொடுப்பேன். ஆனால் என் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தட்டிப் பார்க்கத் தெரியவில்லை. அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டி இருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ளும் அண்ணன்மார்களே, தம்பிமார்களே, உங்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் அதிகம் படிக்கவில்லை. காதில் விழுந்ததை விழுந்தபடி சொல்லுவேன், அவ்வளவுதான். ஊசி போடாதவர்களும் படிக்கலாம். வரிசையில் உங்கள் முறை எப்போது வரும் என்று யார் கண்டது.

ஐஸ் வைத்த ஆள்

ஒன்றுக்குப் போவது சிரமமாகி, கடையை விட்டுவிட்டு அடிக்கடி ஓட வேண்டியதாகிவிட்டது. என் வீட்டுக்காரி கமலம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், சதையும் கிள்ளி எடுத்தார்கள். கடைசியில் டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். நம்ம தமிழ்ப் பிள்ளைதான், என் மகள் வயசிருக்கும். "அங்கிள், புரோஸ்டேட்ல புற்று. ஆண் ஹார்மோன்தான் அதுக்குத் தீனி. ஊசியும் மாத்திரையும் கொடுத்துத் தீனியை நிறுத்துறோம். அது சுருண்டு கிடக்கும். நீங்களா மருந்தை நிறுத்தினா எழுந்து உட்கார்ந்துக்கும்."

அப்புறம் என்னென்ன ஆகும் என்றும் சொன்னார். குரல் மாறாது, மீசை கொட்டிவிடாது. உடம்பில் திடீர் திடீரென்று சூடு ஏறும். பலம் குறையும், ஆசையும் குறையும். மார்பு வலித்து வீங்கலாம். "வலிக்க ஆரம்பிச்சதும் சொல்லுங்க, அதுக்கு வழி இருக்கு" என்று சொன்னதாகக் கமலம் பிற்பாடு சொன்னாள். எனக்கு மார்பு வீங்கும் என்பது வரைதான் காதில் விழுந்தது.

மறுநாள் கடையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தேன். எதிர்க்கடை பாக் மாட் மீன் விற்கிறவர், மலாய்க்காரர். நாங்கள் இரண்டு பேரும் கறுப்பு மயிரோடு இந்த மார்க்கெட்டுக்குள் நுழைந்தவர்கள். அவரிடம் எதையும் மறைக்க முடியாது. ஆண் ஹார்மோனைக் குறைத்துவிடப் போகிறார்கள், இனி நான் என்ன ஆம்பளை என்றேன். அவர் ஒரு பெரிய மீனை ஐஸுக்குள் புதைத்துக்கொண்டே மலாயில் சொன்னார்: "ஐஸ் வைக்காத மீன் என்ன ஆகும்னு உனக்குத் தெரியும். உனக்கு ஐஸ் வைக்கிறாங்க, அவ்வளவுதான்லா. மீன் மீனாத்தான் இருக்கும்."

சூடு

ஊசி போட்டு ஒரு மாதம் இருக்கும். மிஷினில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டினாற்போல் ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, மண்டை என்று ஏறிற்று. வேர்வை துருவலில் விழுந்துவிடுமோ என்று பயந்து மிஷினை நிறுத்திவிட்டுப் பாக் மாட்டின் ஐஸ் பெட்டிப் பக்கம் ஓடிப்போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் சூடு போய் நடுக்கம் வந்தது. காய்ச்சலோ என்று நினைத்தேன்.

கடை முன்னால் நின்ற பெண்கள் யாருக்கும் அது காய்ச்சலாகத் தெரியவில்லை. நம் ஆள் ஒருத்தர், ஒரு மலாய் அக்கா, இரண்டு சீன அம்மாக்கள். மாதவிலக்கு நின்ற வயசுக்காரர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "மேலேருந்து வருதா, நெஞ்சிலேருந்து ஏறுதா?" என்று விசாரணை ஆரம்பமாயிற்று. நெஞ்சிலிருந்து என்றதும் ஆளாளுக்கு வைத்தியம். காரத்தைக் குறை, நைலான் சட்டை போடாதே, ராத்திரி தலைமாட்டில் ஈரத்துண்டு வை. மலாய் அக்கா அடுத்த நாள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன விசிறி ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். சார்ஜ் போட்டால் காலையிலிருந்து கடை கட்டும் வரை ஓடுகிறது. இன்றைக்கும் அதை மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

அந்த நாலு பேரில் நம் ஆள், மேலே பிளாட்டில் இருக்கும் ராணியக்கா, அன்றைக்குத் தேங்காய்ப் பாலை வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பி நின்று சொன்னது: "எங்க வீட்டுக்காரர்கிட்ட எத்தனையோ வருஷமா இந்தச் சூட்டைச் சொல்லிப் பார்த்துட்டேன், நடிக்கிறேன்னு சொல்றார். ஒருநாள் வந்து நீங்க சொல்லுங்க அண்ணே, ஆம்பளை சொன்னா நம்புவார்."

மூட்டை

தேங்காய் மூட்டையை லாரியிலிருந்து இறக்குவதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தோளில் தூக்கினால் உருண்டு கழுத்தை நெரிக்கும். அதனால் பிள்ளையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துத்தான் இறக்க வேண்டும். ஒருநாள் அப்படி அணைத்தவன் வலியில் அப்படியே போட்டுவிட்டேன். காய்கள் வடிகால் வரை உருண்டு போயின.

வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பக்கமும் காம்புக்கு அடியில் தட்டு மாதிரி கெட்டியாக இருந்தது. பனியன் உரசினாலே சுரீரென்றது. அன்றிலிருந்து பனியனோடு கடையில் நிற்கிறதை விட்டேன். தொளதொள சட்டை, அதற்கு மேல் பாக் மாட்டிடம் இரவல் வாங்கிய ரப்பர் ஏப்ரன். விசிறி ஒருபக்கம் ஓட, உள்ளே வெந்துகொண்டு நிற்பேன். டாக்டரம்மா கேட்டபோதெல்லாம் "ஒன்றும் இல்லை, நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பொம்பளைப் பிள்ளையிடம் இதை எப்படிச் சொல்வது? உங்களில் எத்தனை பேர் இதே பதிலைச் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

லாரிக்காரன் முனியாண்டி மட்டும் ஏப்ரனை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "என்ன அண்ணே, மீன் கடைக்கு மாறிட்டீங்களா, இல்ல பாக் மாட் உங்களுக்கு மாமனாரா?"

தேங்காய் மட்டும் வந்தது

வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு நான் தேங்காய் கொடுக்கும் கோயில் ஒன்று உண்டு. சிலோன் தமிழர்கள் கட்டியது. அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். டாக்டராக இருந்தாலும் சரி, வக்கீலாக இருந்தாலும் சரி. நானும் சாயந்திரம் குளித்துவிட்டுக் கூடையை நெஞ்சுக்கு நேரே தூக்கிக்கொண்டு சாமி படி வரைக்கும் கொண்டுபோய் வைப்பேன். அது எனக்கு ஒரு பெருமை. எங்கள் வீட்டில் நோய் நொடி, நல்லது கெட்டது எல்லாம் அந்தப் படியில்தான் சொல்லி இறக்கி வைத்திருக்கிறேன்.

இப்போது கூடையை வாசலில் வைத்துவிட்டு, முழங்கால் வலி என்று சொல்லித் திரும்ப ஆரம்பித்தேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் திரும்பி வரும் வழியில் மனசு ஒரு கணக்குப் போட்டது. ரத்தத்தில் நோயின் அளவு நன்றாக இறங்கிவிட்டது என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். அப்புறம் எதற்கு ஊசி? அடுத்த ஊசிக்குப் போகாமல் விட்டால் மார்பு வற்றும், பழையபடி கோயிலுக்குள் போகலாம். கமலத்திடம் தேதியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். அப்படித்தான் தீர்மானம் பண்ணினேன்.

அந்தக் கோயில் பூசைக் காரியங்களைப் பார்க்கிற டீச்சரக்கா, ரிட்டையர் ஆனவர், என் வாடிக்கைக்காரரும்கூட. பள்ளிக்கூடத்தை விட்டாலும் குரல் அவரை விடவில்லை. ஒருநாள் கடைக்கே வந்து என் முழங்காலை ஒரு பார்வை பார்த்தார். இரண்டு காலாலும் நன்றாக நின்றுகொண்டிருந்தேன். அவர் சொன்னது: "உங்கட தேங்காய் ஒவ்வொரு வெள்ளியும் சாமியைக் கும்பிடுது, நீங்கள்தான் வரேல்லை."

லிம் ஆன்டி

பக்கத்துக் கடையில் தௌஃபு என்கிற சோயாக் கட்டி விற்கும் லிம் ஆன்டி சீனர், ஆனால் என் அப்பா காலத்திலிருந்து தமிழ் பேசுகிறவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் வெட்டுக்கத்திதான். நான் மூட்டையை நெஞ்சில் படாமல் கைகளை நீட்டித் தூக்கி, பாதியில் தடுமாறுவதை இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறார். ஒருநாள் கடை கட்டும் நேரத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "நெஞ்சு நோவுதா?" என்றார். இல்லை என்றேன். "பொய் சொல்லாதே. நானும் அப்படித்தான் தூக்கினேன்" என்றார்.

ஆன்டிக்கு மார்பில் புற்று வந்து ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பக்கத்திலேயே நின்று வியாபாரம் பண்ணுகிறேன், தெரியவில்லை. அவர் சொன்ன பிறகு நானும் எல்லாவற்றையும் கொட்டினேன், அடுத்த ஊசிக்குப் போகப்போவதில்லை என்பது உட்பட. கோயில் சட்டைக் கதையையும் சொன்னேன். ஆன்டி சிரிக்கவில்லை. மிச்சமிருந்த தௌஃபுவைத் தண்ணீரில் அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு என் நெஞ்சைப் பார்த்துச் சொன்னார்: "எனக்கு ஒண்ணு போச்சு, உனக்கு ரெண்டு வருது. இதுல யாரு அழணும், நீயே சொல்லு."

ஒரே மாத்திரை

ஊசிக்குப் போனேன். கமலத்தை வெளியே உட்காரச் சொல்லப் பார்த்தேன், அவள் உள்ளே வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். டாக்டரம்மா வழக்கம்போல "எப்படி அங்கிள்?" என்றார். நான் சட்டைப் பொத்தானைக் கழற்றினேன். அவர் தொட்டுப் பார்த்தார், அழுத்தி இரண்டு மூன்று கேள்வி கேட்டார். திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் சுலபமா தடுத்திருக்கலாம். வந்த வீக்கம் முழுசா வற்றும்னு சொல்ல முடியாது. வலி குறையும், மேல வளராம பார்த்துக்கலாம்" என்றார். சிலருக்கு லேசாகக் கதிர் வைப்பார்களாம், சிலருக்கு மாத்திரையாம். எனக்கு மாத்திரை எழுதினார். புற்றின் தீனியை நிறுத்தும் ஊசி அது பாட்டுக்கு நடக்கும், மார்பை மட்டும் இந்த மாத்திரை காவல் காக்கும். எனக்கு விளங்கினது அவ்வளவுதான். உங்களுக்கு எது சரி என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்.

கமலம் வெளியே வந்ததும் சொன்னாள், அவளுக்கு ரொம்ப நாளாகவே தெரியுமாம். வீட்டில் பனியன் துவைப்பவள் அவள்தானே. நான் சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தாளாம். பஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படி நின்று பல வருஷம் இருக்கும்.

மறுநாள் மாத்திரை அட்டையை லிம் ஆன்டியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். பெயர் ஒன்றுதான். மார்பில் புற்று வந்த பெண்களுக்குக் கொடுப்பதைத்தான் எனக்கும் கொடுத்திருக்கிறார்கள். காலையில் அவர் விழுங்கும்போது நானும் விழுங்குகிறேன், ஆளுக்கொரு வாய் சுடுதண்ணீர். ஆன்டி சொன்னது: "நீ மறந்தா நான் சொல்றேன், நான் மறந்தா நீ சொல்லு. ரெண்டு பேரும் மறந்தா பாக் மாட்டு கடையில ஐஸ் இருக்கு."

சட்டை

கொஞ்சம் கொஞ்சமாக வலி இறங்கிற்று. தட்டு மாதிரி இருந்தது அப்படியே நின்றுவிட்டது. கூடவுமில்லை, முழுசாகப் போகவுமில்லை. மூட்டையை இப்போது முனியாண்டியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்குகிறோம். ஏப்ரனைப் பாக் மாட்டிடமே கொடுத்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை குளித்து, வேட்டி கட்டி, கூடையோடு கோயில் வாசலில் போய் நின்றேன். பொத்தானில் கை வைத்தவன் அப்படியே நின்றேன். அப்போதுதான் வரிசையில் நின்ற மற்ற ஆண்களைச் சரியாகப் பார்த்தேன். எல்லாரும் சட்டையில்லாமல்தான் நிற்கிறார்கள். எப்பேர்ப்பட்ட தொப்பைகள், எப்பேர்ப்பட்ட மார்புகள். ரொட்டி சானாயும் நாசி கண்டாரும் வளர்த்தவை. ஊசி எதுவும் போடாமலே பலபேர் என்னைத் தாண்டிப் போயிருந்தார்கள். ஒருவரும் கூச்சப்படவில்லை, ஒருவரும் என்னைப் பார்க்கவுமில்லை. சட்டையைக் கழற்றி இடுப்பில் சுற்றிக்கொண்டு கூடையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். வலிக்கவில்லை.

படியில் வைத்துவிட்டுக் கும்பிட்டபோது கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. உயிரோடு நிற்கிறேன். வீட்டில் கமலம் இருக்கிறாள். மார்க்கெட்டில் என் சூட்டைத் தங்கள் சூடாக நினைக்கும் பெண்கள் இருக்கிறார்கள். சும்மா நின்றேன், கண் கலங்கிற்று. பின்னாலிருந்து டீச்சரக்கா குரல் வந்தது. இவர் ஏதாவது கேட்டுவிடப் போகிறாரே என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வந்திட்டியளோ, நல்லது. போன வெள்ளி தந்ததிலை ரெண்டு தேங்காய் அழுகல்."

ஆக, ஆம்பளைச் சத்தைக் குறைத்து என் உயிரை நிறுத்தி வைக்க மருந்து இருக்கிறது, மார்பு வளராமல் பார்த்துக்கொள்ளவும் மருந்து இருக்கிறது, தேங்காய்க்காரன் வாங்கும் திட்டைக் குறைக்கத்தான் இன்னும் எந்த ஆஸ்பத்திரியிலும் ஒன்றும் வரவில்லை.