கட்டாத நாய்

அசோக் நகர் ஸ்டேஷனரி கடையில் கிரேயான் பெட்டியைத் திறந்து காட்டினார் கடைக்காரர். அந்த மெழுகு வாசனை மூக்கில் ஏறியதும் என் ஒரு கால் தானாகத் தரையைவிட்டு எழும்பியது.

எழுபதுகளில் கோபாலபுரத்தில் ஏழாம் வகுப்பு படித்தேன். எழுத்துகள் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. பக்கத்தில் உட்காரும் நூர்ஜஹான் வாசிப்பதைக் கேட்டு, அப்படியே ஒப்பித்துத் தப்பித்துவந்தேன். டிராயிங் வகுப்பில் அது நடக்கவில்லை. ஆளுக்கொரு படம் வரைந்து, அதைப் பற்றி அவரவரே கீழே எழுதவேண்டும்.

நான் தினமும் பயந்து ஓடும் தெருமுனைக் கறுப்பு நாயை வரைந்திருந்தேன்.

"சங்கிலி எங்கம்மா?" என்றார் டீச்சர்.

"கட்டவே மாட்டாங்க டீச்சர்."

"அதையே எழுது."

இன்றைக்கு மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். வியர்த்த விரலில் கிரேயான் வழுக்க, ஒவ்வோர் எழுத்தாக வைத்தேன். டீச்சர் தாளைப் பிடுங்கி உரக்க வாசித்தார்.

"இதைக் கட்டவில்லை. இது என்னைப் பார்க்கிறது."

சிரிப்பார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், நூர்ஜஹான் இரண்டு கால்களையும் பெஞ்சின்மேல் ஏற்றியிருந்தாள்.

"என்னையும் பாக்குதுடீ."

"இன்னாம்மா, கீழ எதனா கீதா?" என்றார் கடைக்காரர். அவரும் ஒரு காலைத் தூக்கியிருந்தார்.