ரிமினியில் இரண்டு கட்டில்

நானுஓயா ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு போட்டோகொப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கொழும்பு ரயில் வர இன்னும் நேரம் இருக்கிறது. இதை நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். வெளியே மழை, புதுச் செருப்பு வேறு கடிக்கிறது, ஆனாலும் எனக்குச் சந்தோஷம்தான். இத்தாலியில் கடலோரத்து ரிமினியில் வேலை செய்யும் என் மகள் செல்வியை ஆறு வருசம் கழித்துப் பார்க்கப் போகிறேன். மாடிப்படியில் விழுந்தவள் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. நான் கூப்பிட்டால் திறப்பாள். சின்னதில் காய்ச்சல் வந்தபோதும் அப்படித்தான்.

விசாவுக்கு ஹோட்டல் கடுதாசி வேண்டுமாம்.

"எந்த ஹோட்டல் போடட்டும் பாட்டி?" என்கிறார் கடைக்காரர்.

"ஹோட்டல் எதுக்கு தம்பி? நான் ரொட்டி சுட்டு எடுத்துட்டுப் போறேன். மகளுக்கே அங்க ஹோட்டல்லதான் வேல. நல்லா ரொட்டி தட்டுவா."

அவர் மகளின் வேலைக் கடுதாசிமேல் போனைப் பிடித்து, அது தமிழில் காட்டுவதைப் படிக்கிறார்.

"அங்க ஹோட்டல்னா சாப்பாட்டுக் கடை இல்லீங்க பாட்டி, தங்குற எடம். வர்றவங்களுக்கு மெத்தை விரிச்சு, கக்கூஸ் கழுவுற வேலைன்னு போட்டிருக்கு."

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்க ரொட்டிக் கதை சொல்லி வைத்திருக்கிறேன். செல்வியும் ஒரு நாள்கூட இல்லை என்று சொன்னதில்லை.

"ஒரு கட்டில்தானே?" என்கிறார் கடைக்காரர்.

"ரெண்டு போடுங்க."

"அவங்க ஆஸ்பத்திரியில..."

"தெரியும் தம்பி. ஆறு வருசமா ஊரானுக்குப் படுக்கை விரிச்சிருக்கா. ஒரு ராத்திரியாவது அவளுக்கு நான் விரிக்கிறேன்."

அவர் இரண்டு என்று தட்டுகிறார்.